சித்திரைக் குஞ்சுக்குப் பல்பு வேண்டுமா?

கேள்வி, 23 ஏப்ரல் 2024

போன சனிக்கிழமை, 20ஆம் தேதி, 50 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தேன். எல்லாம் ஒரு நாள் குஞ்சு. ஊர் வேடசந்தூர்ப் பக்கம், கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் குஞ்சுக்குப் பல்பே தேவையில்லை, வெயிலே அடைகாக்கும் என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொல்கிறார். குஞ்சு விற்றவர் கொடுத்த தாளில், முதல் வாரம் 95 டிகிரி வேண்டும், ராத்திரி பகல் பல்பு எரியட்டும் என்று இருக்கிறது. தாளை நம்பி 100 வாட் பல்பு இரண்டு போட்டேன். இன்று காலை எண்ணியபோது 44தான் இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில், 23 ஏப்ரல், மதியம் 1.20

எழுந்து போய் இரண்டு பல்பையும் அணைத்துவிட்டு வாருங்கள் தம்பி. தண்ணீர்த் தட்டில் விரலை வைத்துப் பாருங்கள். சுட்டால் கொட்டிவிட்டுப் பானைத் தண்ணீர் ஊற்றுங்கள். மீதியைச் சாயந்தரம் விவரமாக எழுதுகிறேன்.

23 ஏப்ரல், இரவு 9.45

பெரியவர் சொன்னது மதியத்துக்குச் சரி. தாளில் இருப்பது விடியற்காலைக்குச் சரி. இரண்டையும் 24 மணி நேரத்துக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டால்தான் குஞ்சு சாகிறது.

அந்த 95 பாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் 35. குஞ்சு நிற்கிற இடத்தில், தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் இருக்க வேண்டிய சூடு அது. அதில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவைத்தான் பல்பு நிரப்ப வேண்டும். நான் இருப்பது காங்கேயம் பக்கம். இன்று மதியம் இரண்டு மணிக்கு எங்கள் குஞ்சுக் கொட்டகையில் அதே உயரத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், 102 காட்டியது. அங்கே பல்புக்கு என்ன வேலை? ஆனால் இன்று விடியற்காலை நாலரைக்கு அதே இடத்தில் 81தான். 14 டிகிரி குறைவு. பெரியவர் அந்த நேரத்தில் வந்து பார்த்திருக்க மாட்டார்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2016 மே மாதம் என் கையில் 60 குஞ்சுகள். உங்களைப் போலவே ஒரு தாளை வைத்துக்கொண்டு பகலிலும் பல்பு போட்டேன். நாலு நாளில் 14 போயின. அடுத்த வருஷம் அந்தப் பயத்தில் பல்பையே மாட்டவில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தேன், நன்றாகப் பரவிப் படுத்திருந்தன. நிம்மதியாகத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் கொட்டகை மூலையில் ஒரு குவியல். அடியில் கிடந்த 9 குஞ்சுகளும் நசுங்கி மூச்சு முட்டிச் செத்திருந்தன. ஒரு வருஷம் சூட்டில், மறு வருஷம் குளிரில், இரண்டும் சித்திரை வெயில் காலத்தில்.

அன்றிலிருந்து நான் தாளைவிடக் குஞ்சைத்தான் பார்க்கிறேன். பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கீச்சுக் கீச்சென்று ஓயாமல் கத்தினால் குளிர். பல்பை விட்டு விலகி, சத்தமே இல்லாமல், இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு வாயைத் திறந்திருந்தால் சூடு. கையில் எடுத்துத் தொண்டையைப் பாருங்கள், தோல் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கமாக எல்லாம் ஒதுங்கி நின்றால் மறுபக்கம் காற்று நேராக அடிக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தின்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தால் சரியாக இருக்கிறது, தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் தொடாதீர்கள்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது: குஞ்சுகளைச் சுற்றி வைத்திருக்கும் தடுப்பை அகலமாக்குங்கள். 44 குஞ்சுக்கு ஐந்தரை அடி அகல வட்டம் வேண்டும். மூலை இருக்கவே கூடாது. பல்பை வட்டத்தின் நடுவில் தொங்கவிடாமல் ஒரு ஓரமாக மாட்டுங்கள், 60 வாட் ஒன்று போதும். அந்தப் பக்கம் சூடு, இந்தப் பக்கம் குளிர்ச்சி. எங்கே நிற்பது என்று குஞ்சுக்குத் தெரியும். நகர்ந்து போக இடம் இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். நடுவில் பல்பை மாட்டி மூன்றடி வட்டத்தில் அடைத்தால் எங்கே போகும்?

24 ஏப்ரல், காலை 6.15

செத்த ஆறும் எங்கே கிடந்தன என்று கேட்டிருந்தேன். நாலு குஞ்சு பல்புக்கு எதிர்ப்பக்கத் தகரத்தில் ஒட்டிக் கிடந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடிப்போய் அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றிருக்கின்றன. அந்தத் தகரமும் மதியத்தில் சுட்டிருக்கும். வெயில் காலத்தில் தகரத் தடுப்பை எடுத்துவிட்டு அட்டையோ மூங்கில் தட்டியோ வையுங்கள்.

மற்ற இரண்டுக்கும் பின்பக்கம் அடைத்திருந்தது என்கிறீர்கள். சூட்டிலும் தண்ணீர் போதாமலும் எச்சம் கட்டியாகிப் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் வெளியே போக முடியாமல் செத்துப்போகும். மிச்சம் உள்ள 44ஐயும் இப்போதே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், தோலோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து அதன்மேல் ஒரு நிமிஷம் வைத்திருங்கள். இளகியதும் துடைத்தால் தானாக வரும். துடைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். வயிற்றுக்கு அடியில் தொப்புளைத் தொட்டுவிடாதீர்கள், அது வேறு இடம், பாதிப் பேர் அதைத்தான் எச்சம் என்று நினைத்துப் பிடுங்குகிறார்கள்.

25 ஏப்ரல், இரவு

நேற்றும் இன்றும் ஒன்றும் சாகவில்லை என்ற செய்தி பார்த்தேன். சந்தோஷம். ஆனால் இன்னும் ஒரு வாரம் கவனம் வேண்டும்.

தண்ணீரைப் பற்றி. முட்டையிலிருந்து வரும்போதே வயிற்றில் மஞ்சள் கரு மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் குஞ்சு வருகிறது. இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலும் தாங்கும். அதனால்தான் பெட்டியில் போட்டு ஊர் ஊராக அனுப்ப முடிகிறது. ஆனால் இந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் தாங்காது. கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை வெளியே தள்ளும், ஒவ்வொரு மூச்சிலும் உடம்புத் தண்ணீர் போகும். பெரிய கோழி சாதாரண நாளில் தின்கிற தீனியைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கடும் வெயிலில் அது நாலு மடங்கையும் தொடும்.

குஞ்சு தண்ணீர் குடித்ததா என்று தெரிந்துகொள்ளக் காலைப் பாருங்கள். நன்றாகக் குடித்த குஞ்சின் கால் தோல் மெழுகு பூசியதுபோல் பளபளப்பாக இருக்கும். குடிக்காத குஞ்சுக்குக் கால் வறண்டு சுருங்கி, உள்ளே நரம்பு கோடு போட்டதுபோல் தெரியும். அதைத் தனியாக எடுத்து அலகு நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். மூக்குத் துளை முங்கக் கூடாது. இரண்டு மூன்று முறை காட்டினால் தலையைத் தூக்கி விழுங்கும், அதற்குப் பிறகு தானே தேடிப் போகும்.

பிளாஸ்டிக் தண்ணீர்க் குடுவை பகலில் அரை மணி நேரத்தில் சூடேறிவிடுகிறது. நான் அகலமான மண் தட்டு வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து மேலே கல் வைத்துவிடுவேன், சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குத்தான் தண்ணீர் தெரியும். குஞ்சு உள்ளே இறங்கி நனையாது. ஐஸ் தண்ணீர் வேண்டாம், பானைத் தண்ணீர் போதும். 44 குஞ்சுக்கு இரண்டு தட்டு போதும் என்று தாளில் இருக்கும். இந்த வெயிலுக்கு நாலு வையுங்கள், அதில் இரண்டு பல்புக்குத் தூரத்தில்.

முதல் நாள் வெல்லத் தண்ணீர் நல்லது, நீண்ட பயணம் வந்த குஞ்சுக்கு உடனே தெம்பு. ஆனால் அதை அப்படியே சாயந்தரம் வரை விடாதீர்கள். மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும், எறும்பு வேறு வரும்.

26 ஏப்ரல்

ஒருவர் உப்பும் சர்க்கரையும் கரைத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கைக் கணக்கில் உப்பு போடாதீர்கள். குஞ்சுக்கு உப்பு கொஞ்சம் கூடினாலும் விஷம். மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போய் உடம்பில் உப்புச் சமநிலை கெடுவது உண்மைதான். அதற்குக் கோழிக்கென்றே எலெக்ட்ரோலைட் பொடி மருந்துக் கடையில் இருக்கிறது. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் மதிய வேளைக்கு மட்டும் கலந்து வையுங்கள். ராத்திரிக்கு வெறும் தண்ணீர்.

27 ஏப்ரல், காலை 5.30

இன்று ஏழாம் நாள். கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு, எஃப்1 அல்லது லசோட்டா என்று கேளுங்கள், எது கிடைக்கிறதோ அது. வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் எடுத்து வர வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் பதினைந்து நிமிஷம் வந்தாலும் அது மருந்து இல்லை, வெறும் தண்ணீர். வெயில் காலத்தில் தடுப்பூசி போட்டும் கழிச்சல் வந்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எப்படி எடுத்து வந்தீர்கள் என்றுதான்.

29 ஏப்ரல், மதியம்

கூரை. இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நான் செலவழித்ததில் உருப்படியானது இதுதான்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் அடிப்பக்கத்தை மதியம் தொட்டால் கை பொறுக்காது. அந்தச் சூடு நேராகக் கீழே இறங்கும். வெளியே நிழலில் நிற்கிற மனிதனுக்குத் தாங்கும் வெயில்தான், உள்ளே இருக்கிற குஞ்சுக்கு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். இரண்டு வருஷம் முன்னால் கூரைமேல் சுண்ணாம்பு அடித்தோம். கொஞ்சம் பசை கலந்தால் முதல் மழையில் கழுவிக்கொண்டு போகாது. அப்புறம் அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்பினோம். மதியம் மூன்று மணிக்கு முன்பு 107 காட்டிய அதே ஆணியில் மாட்டிய தெர்மாமீட்டர், கீற்று போட்ட பிறகு 100, 101 என்று நின்றது. கீற்றுமேல் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் இன்னும் இரண்டு டிகிரி குறையும்.

பக்கங்களில் சணல் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். காற்று அதன் வழியாக உள்ளே வரும்போது குளிர்ந்து வரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வேலைதான்.

தரைக்குத் தென்னை நார்க் கழிவோ உமியோ இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மெத்தை அதிகமானால் அதுவே சூட்டைப் பிடித்துவைக்கும். முதல் மூன்று நாள் மேலே செய்தித்தாள் விரித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் உமியையே தின்றுவிடும்.

1 மே

மேலே 29ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சாக்கை நனைத்து நாலு பக்கமும் தொங்கவிட்டாராம். ஒரு மணி நேரத்தில் குஞ்சுகள் முன்பைவிட அதிகமாக வாயைத் திறக்க ஆரம்பித்துவிட்டன. எடுத்த பிறகுதான் அடங்கியதாம்.

தவறு என்னுடையது. எங்கள் பக்கம் காய்ந்த காற்று. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு குளிரும். நாகையிலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. அங்கே சாக்கு காயவே காயாது, காயாவிட்டால் குளிராது, காற்றையும் மறிக்கும். அதோடு குஞ்சு மூச்சு வழியாகத் தள்ளுகிற ஈரமும் போக இடமில்லாமல் அங்கேயே நிற்கும். 95 டிகிரி காய்ந்த சூட்டைத் தாங்குகிற குஞ்சு 95 டிகிரி புழுக்கத்தைத் தாங்காது.

ஆகவே கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் சாக்கை மறந்துவிடுங்கள். பக்கங்களைத் திறந்துவிடுங்கள், கூரையைப் பாருங்கள், மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், உள்ளே இருக்கிற காற்றை அது வெளியே தள்ள வேண்டும். முதல் வாரக் குஞ்சுமேல் விசிறிக் காற்று நேராகப் படக் கூடாது. உள்நாட்டில் இருக்கிறவர்களும் நாலு பக்கமும் மூடாதீர்கள். காற்று வருகிற ஒரு பக்கம் மட்டும் சாக்கு, எதிர்ப்பக்கம் திறந்திருக்கட்டும், சாக்குக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு அடி இடைவெளி. இதை நான் 29ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும். அந்தச் சகோதரியின் குஞ்சு ஒன்றும் சாகவில்லை என்பது என் நல்ல நேரம்.

4 மே

கத்திரி இன்று தொடங்கிவிட்டது. 28 வரைக்கும் இருக்கிறது. முதலில் கேள்வி கேட்ட திண்டுக்கல் தம்பியின் குஞ்சுகளுக்கு இன்று 14ஆம் நாள், கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து. தண்ணீரில் கலந்து கொடுப்பதாக எழுதியிருக்கிறார். மருந்துத் தண்ணீரை ஆசையாகக் குடிக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் தாகத்தில் விடச் சொல்வார்கள். மே மாதத்தில் அது வேண்டாம். காலை ஐந்தரைக்குத் தட்டை எடுத்து ஆறரைக்கு மருந்தை வையுங்கள், ஒரு மணி நேரம் போதும். ஒரு லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பில்லாத பால் பொடி. பிளீச்சிங் பவுடர் போட்ட பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் ஆகாது, மருந்து செத்துவிடும். கிணற்றுத் தண்ணீர் எடுங்கள்.

தீனி பற்றிக் கேள்வி நிறைய வந்திருக்கிறது. தின்ற தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு உண்டாகும், அதனால் மதியம் தீனியை எடுத்துவிட வேண்டும் என்று சொல்வது பெரிய கோழிக்கு. வெயிலில் பொத்துப் பொத்தென்று விழுவதும் பெரும்பாலும் உடம்பு கனத்த கோழிகள்தான். முதல் இரண்டு வாரக் குஞ்சிடமிருந்து தீனியை எடுக்கவே எடுக்காதீர்கள். மூன்றாம் வாரத்திலிருந்து பதினொன்று முதல் நாலு வரை எடுத்துவைத்து, விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் நன்றாகக் கொடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு குஞ்சை எடுத்துக் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டால், ஊறிய கடலைப்பருப்பு ஒரு சிட்டிகை உள்ளே இருப்பதுபோல் மெத்தென்று தட்டுப்பட வேண்டும். காலியாகத் தொங்கினால் தின்னவில்லை, கல்போல் இருந்தால் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து கோழிப் பண்ணைக்கென்றே வானிலை அறிவிப்பு வருகிறது, பேப்பரிலும் போடுகிறார்கள். பெரிய முட்டைப் பண்ணைக்குத்தான் அது என்று நினைத்துப் படிக்காமல் விட்டிருந்தேன். இரண்டு வருஷமாகப் படிக்கிறேன். எந்த நாள் சூடு ஏறும், எப்போது மழை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பத்துக் குஞ்சு வைத்திருக்கிறவருக்கும் உதவும்.

6 மே

எல்.இ.டி பல்பு சூடு தராது. ராத்திரிக்குப் போட்டேன், ஆனாலும் குவிகிறது என்று எழுதியவருக்கு. வெளிச்சம் இருக்கும், அடைகாக்கச் சூடு இருக்காது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். எல்லாக் கடையிலும் இப்போது கிடைப்பதில்லை, டவுனில் எலெக்ட்ரிகல் கடையில் கேளுங்கள். ராத்திரி கரண்ட் போனால் சுடுதண்ணீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி உள்ளே படுக்க வையுங்கள். மூடிய இடத்தில் கரியடுப்பு வைக்காதீர்கள்.

11 மே, இரவு

பல்பு, தட்டி, தெர்மாமீட்டர் என்று இவ்வளவு எழுதுகிறீர்களே, தாய்க்கோழி என்ன தெர்மாமீட்டரா வைத்திருக்கிறது, தாயோடு விட்டால் போதாதா என்று ஒரு ஐயா கேட்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் அத்தை, என் மாமியார், 70 வயது, இன்றைக்கும் அப்படித்தான் வளர்க்கிறார்.

சிறுவிடைக் கோழி அடை காப்பதிலும் குஞ்சு காப்பதிலும் கெட்டி. எங்கள் பக்கம் அவயம் வைப்பது என்போம். வெயிலில் தாய் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எட்டு மணிக்கு மேய்ச்சலுக்குக் கூட்டிப் போகும். பத்து மணிக்கு மேல் வாழைத் தோட்டத்துக்குள் போய்விடும், தண்ணீர் பாய்ந்த ஈர மண்ணைக் கீறி அதில் வயிற்றை வைத்துப் படுக்கும், குஞ்சுகளும் அதேபோல் படுக்கும். நிழல் நகர்ந்தால் எழுந்து ஒரு குரல் கொடுத்துவிட்டு அதுவும் நகரும். ஒரு பகலில் ஆறேழு இடம் மாறும். விடியற்காலையில் இறக்கைக்கு அடியில் எல்லாம் அடக்கம், மதியத்தில் இறக்கையை விரித்து நின்று நிழல் மட்டும் தரும். நாம் பல்பை ஏற்றி இறக்கிச் செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது.

ஆனால் தாயோடு விட்டால் போதும் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது நகர முடிய வேண்டும். இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

2019 மே மாதம். தாராபுரத்தில் ஒரு கல்யாணம். பருந்து தூக்குகிறதே என்று ஒரு தாயையும் 9 குஞ்சுகளையும் பஞ்சாரக் கூடையில் போட்டு வேப்ப மரத்தடியில் கவிழ்த்தேன். ஏழு மணி இருக்கும், நல்ல அடர்ந்த நிழல், உள்ளே ஒரு சட்டித் தண்ணீர். மேலே கல்லும் வைத்தேன். காலையில் நிழல் மரத்துக்கு மேற்கே நீண்டு கிடக்கும். நான் வைத்ததும் மேற்கேதான். திரும்பி வரும்போது மணி இரண்டரை. நிழல் கிழக்கே போய்விட்டது. பஞ்சாரம் மொட்டை வெயிலில் இருந்தது.

தாய் நின்றுகொண்டிருந்தது. இரண்டு இறக்கையையும் முடிந்த வரைக்கும் விரித்து, அலகைத் திறந்து, தலை ஒரு பக்கமாகச் சரிந்து, நின்றுகொண்டே இருந்தது. சட்டி காய்ந்து அடியில் வண்டல் வெடித்திருந்தது. அதன் இறக்கை நிழலில் 7 குஞ்சுகள் செத்துக் கிடந்தன, 2 தலையை ஆட்டின. பஞ்சாரத்தைத் தூக்கித் தண்ணீர் வைத்தேன். அது குடிக்கவில்லை. முதலில் கொக்கொக்கென்று குஞ்சைத் தண்ணீருக்குக் கூப்பிட்டது, திரும்பித் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டது. இரண்டு வந்தன. அப்புறம்தான் அதுவும் குடித்தது.

அத்தை என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்தப் பஞ்சாரத்தை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைக்குள், கீற்றுக் கூரைக்கு அடியில் வைத்தார். இன்று வரைக்கும் வெயில் காலத்தில் அதன் இடம் அதுதான். மரத்தடியில் வைப்பவர்கள் மரத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை மணி வரைக்கும் என்று பாருங்கள். வீட்டில் ஒருவர் இருந்து மாற்றி வைக்க முடியாத நாளில் மரத்தடி வேண்டாம்.

12 மே

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெயில் காலத்தில் அடை வைத்தால் பாதி முட்டை கூமுட்டையாகிறதே என்ற கேள்விக்கு: பெரும்பாலும் தாயின் குற்றம் இல்லை. 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே முட்டைக்குள் கரு மெதுவாக வளர ஆரம்பித்துவிடும். நம் ஊரில் சமையலறை அலமாரியே மே மாதத்தில் 34, 35. அரைகுறையாக வளர்ந்து நின்றுபோகும், பத்து நாள் சேர்த்து வைத்துவிட்டு அப்புறம் அடை வைத்தால் என்ன மிஞ்சும்? அகலமான மண் சட்டியில் மணலைக் கொட்டி, மணலை ஈரமாக்கி, அதன்மேல் துணி விரித்து முட்டையை வையுங்கள். சட்டி வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் இருக்கட்டும். அப்படியும் ஐந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். இன்குபேட்டர் வைத்திருக்கிறவர்களும் கவனியுங்கள், அதற்கு வேண்டியது 37.5 செல்சியஸ்தான், அறையே 40 ஆகிவிட்டால் சாதாரண இன்குபேட்டருக்குக் குளிர்விக்கத் தெரியாது.

19 மே

கத்திரி முடியவே இல்லை, அதற்குள் மழை. ஐந்தாறு நாளாக எங்கள் பக்கமும் நல்ல மழை. வெயில் போயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். திண்டுக்கல் தம்பி நேற்று ராத்திரி அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. எச்சத்தில் ரத்தம். 2 குஞ்சு போய்விட்டது.

அது ரத்தக் கழிச்சல், காக்சிடியோசிஸ் என்று டாக்டர் சொல்வார். மூன்று நாலு வாரக் குஞ்சுக்குத்தான் அதிகமாக வரும். ஈரமும் சூடும் சேர்ந்த தரைதான் அதற்கு வேண்டும். நாம் வெயிலுக்காக நாலு தண்ணீர்த் தட்டு வைத்தோம், கூரைமேல் தண்ணீர் தெளித்தோம், சாக்கை நனைத்தோம். மழை வந்த அன்றே அதையெல்லாம் நிறுத்தியிருக்க வேண்டும். அதை நான் சொல்லவில்லை, எங்கேயும் எழுதவில்லை.

இன்றே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தரையில் இருக்கும் உமியை மொத்தமாக வாரி வெளியே தூரமாகப் போட்டு, காய்ந்த உமியைப் பரப்புங்கள். தண்ணீர்த் தட்டை ஒரு செங்கல்மேல் ஏற்றி வையுங்கள், சிந்தினாலும் கீழே ஊறாது. கையில் ஒரு பிடி உமியை எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்தால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம். 28ஆம் நாள் லசோட்டா நேற்றுப் போட வேண்டியது, நோய்க் குஞ்சுக்குப் போடாதீர்கள், தேறட்டும்.

21 மே

மருத்துவர் ஆம்ப்ரோலியம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்லது. அதோடு பி வைட்டமின் டானிக்கும் கலந்து கொடுக்கிறேன், சீக்கிரம் தேறும் என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். அந்த மருந்து கிருமிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் தடுத்துத்தான் அதைக் கொல்கிறது. நீங்கள் வைட்டமினை ஊற்றினால் கிருமிக்குத்தான் சாப்பாடு போடுகிறீர்கள். மருந்து முடியட்டும், அப்புறம் டானிக்.

9 ஜூன்

42 குஞ்சு, எல்லாம் தின்கிறது, ரத்தக் கழிச்சல் நின்று இரண்டு வாரம் ஆயிற்று, தள்ளிப்போன லசோட்டாவும் போட்டாயிற்று என்ற செய்தி பார்த்தேன். போட்டோவில் சேவல் குஞ்சுகளுக்குக் கொண்டை சிவக்கத் தொடங்கியிருக்கிறது.

வருகிற சனிக்கிழமை, 15ஆம் தேதி, 56ஆம் நாள். எட்டாம் வாரத்து ஆர்2பி ஊசி, அதுவும் வெள்ளைக்கழிச்சலுக்குத்தான், இறக்கைப் பக்கம் தோலுக்கு அடியில் அரை மில்லி. லசோட்டா தாமதமாகப் போட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் ஒரு வாரம் தள்ளச் சொன்னால் தள்ளுங்கள். எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமைதான் போடுவார்கள், உங்கள் ஊரில் என்ன கிழமை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கழிச்சல் வந்து தேறிய குஞ்சு ஏதாவது இன்னும் சோர்ந்து நின்றால் அதை எடுத்துப் போகாதீர்கள். ஒரு கூடைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், மேலே வலை மட்டும் கட்டுங்கள், துணி போட்டு மூடாதீர்கள். வண்டியை நிறுத்தும்போது கூடை எந்தப் பக்க நிழலில் இருக்கிறது என்று பாருங்கள். காலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள்.